கவுன்ட்டர் இல்லாத பப்: இங்கிலாந்துக் கிராமத்து மதுக்கூடத்தின் பழைய உள்ளமைப்பைக் காப்பது எப்படி?

கேள்வி இது: "இங்கிலாந்தில் சில கிராமத்துப் பப்புகளை 'உள்ளமைப்பு மாறாதவை' என்று தனிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய உத்தரமும் கணப்பும் (குளிர்காயும் சுவரடுப்பு) எல்லாப் பப்பிலும்தான் இருக்கின்றன. இவற்றில் மட்டும் என்ன விசேஷம்? இவற்றை எப்படிக் கெடாமல் வைத்திருக்கிறார்கள்?"

உத்தரத்தையும் கணப்பையும் முதலில் மறந்துவிடுங்கள். கறுப்படித்த உத்தரம், செங்கல் கணப்பு, சுவரில் குதிரைச் சேணத்துப் பித்தளை வில்லைகள் எல்லாம் எந்த ஊர்ப் பப்பிலும் கிடைக்கும். அதில் பெரும்பகுதி பிற்பாடு கடையில் வாங்கி மாட்டியது. சில உத்தரங்கள் பலகையில் செய்த வெற்றுப் பெட்டிகள்; விரலால் தட்டினாலே தெரிந்துவிடும். நிஜமாகவே பழசா என்று பார்க்க உள்ளே போனதும் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். பீர் எந்த அறையில் இருக்கிறது, எந்த வழியாக அது கைக்கு வருகிறது, வாங்கியவர் எங்கே போய் உட்காருகிறார்.

இந்த மூன்றுக்கும் நமக்குப் பழக்கமான விடை ஒன்று உண்டு. பீர் நிலவறையில், கைப்பம்பு வழியாக, நீளமான கவுன்ட்டரில். ஆனால் பட்டியலில் உச்சியில் இருக்கும் கிராமத்துப் பப்புகள் பலவற்றில் கவுன்ட்டரே கிடையாது. சஃபோக் மாவட்டம் லாக்ஸ்ஃபீல்டில் உள்ள கிங்ஸ் ஹெட்டில் கணப்பைச் சுற்றி உயர்ந்த முதுகுப்பலகை வைத்த பெஞ்சுகள் மட்டும் இருக்கின்றன. பீர் பின்னறையில் கிடத்திய பீப்பாயிலிருந்து நேராக வரும். பெட்ஃபோர்டுஷயர் புரூம் ஊரின் காக் பப்பில் நிலவறைக்கு இறங்கும் சில படிகள்தான் விற்பனை இடம். சாமர்செட்டில் ஃபாக்லண்ட் அருகே டக்கர்ஸ் கிரேவ் இன்னில் பீப்பாய்கள் வெளியே துருத்திய ஜன்னல் மாடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதே மாவட்டத்தில் ஹூயிஷ் எபிஸ்கோபியின் ரோஸ் அண்ட் கிரவுனில் வாடிக்கையாளரே கல் பாவிய பீப்பாய் அறைக்குள் நடந்துபோய் வாங்கிக்கொள்வார். வேல்ஸில் பெம்புரோக்‌ஷயரின் பான்ட்வைன் கிராமத்து டிஃப்ரின் ஆர்ம்ஸில் பீரைக் கூஜாவில் பிடித்து, சுவரில் உள்ள சின்னத் திறப்பு வழியாகக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். அந்தத் திறப்புக்கு ஹாட்ச் என்று பெயர்.

பட்டியல் போடுவது காம்ரா என்கிற பீர் ஆர்வலர் சங்கம். 1971இல் தொடங்கிய அமைப்பு; உள்ளமைப்புப் பட்டியல் வேலை 1990களில் சூடுபிடித்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்த அமைப்பு முழுசாகவோ பெரும்பாலுமோ மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் ஆரம்பத்தில் வைத்த அளவுகோல். இன்று ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை தரம் பிரிக்கிறார்கள். இந்த நட்சத்திரத்துக்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக் கூடம் மாதிரி ஒரு பப் ஏன் இருக்கிறது? காரணம் 1830இல் வந்த பீர்க்கடைச் சட்டம். வீட்டு வரி கட்டுகிற யாரும் இரண்டு கினி (பழைய ஆங்கிலேயப் பண அலகு) கட்டணம் செலுத்தினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது அது. ஜின் குடியைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. விவசாயி, கொல்லர், சக்கரத் தச்சர் என்று ஆளாளுக்கு முன்னறையைத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்காரி சமையலறைப் பக்கம் இருந்த குளிர்ச்சியான அறையில் பீப்பாயைக் கிடத்தி, கூஜாவில் பிடித்து வந்து ஊற்றினாள். கவுன்ட்டருக்கு வேலையே இல்லை. கைப்பம்புக்கு ஜோசப் பிராமா 1797இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது கூட்டம் அலைமோதும் நகரத்துக் கடைக்கான கருவி. இருபது பேர் வரும் கிராமத்தில் அதற்குச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்?

1869இல் உரிமம் மறுபடி நீதிபதிகள் கைக்குப் போனது. எல்லா அறையும் விற்பவர் கண்ணில் பட வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அதற்குப் பிறகு 1960, 70களில் பீர் நிறுவனங்கள் சுவர்களை இடித்து எல்லாவற்றையும் ஒரே கூடமாக்கின. தப்பியவை பெரும்பாலும் ஒரே குடும்பம் அசையாமல் உட்கார்ந்திருந்த இடங்கள். டெவனில் டிரூஸ்டைன்டன் ஊரின் டிரூ ஆர்ம்ஸை மேபல் மட்ஜ் 1919 முதல் 1994 வரை நடத்தினார்; ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 99. கென்ட்டில் ஸ்னார்கேட்டின் ரெட் லயன் 1911 முதல் ஜெமிசன் குடும்பத்தின் கையில். பெர்க்‌ஷயர் ஆல்ட்வொர்த்தின் பெல் 250 ஆண்டுக்கு மேலாக ஒரே வம்சத்தில். பாதுகாப்பு இயக்கம் காப்பாற்றியதைவிடச் சோம்பலும் சிக்கனமும் காப்பாற்றியவை அதிகம் என்பேன்.

இனி நடைமுறை. பலர் இதை மரம், சுண்ணாம்பு என்று தொடங்குவார்கள். நான் பீப்பாயில் தொடங்குவேன். பீர் புளித்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். உடனே பம்பு வேண்டும், குளிரூட்டி வேண்டும், அதை வைக்கக் கவுன்ட்டர் வேண்டும் என்று வரிசையாக வரும். ஹாட்ச் அறையைக் கொன்றது பல இடங்களில் புளித்த பீர்தான்.

ஃபிர்க்கின் என்பது 9 காலன் பீப்பாய். ஏறத்தாழ 41 லிட்டர், 72 பைன்ட். மரத்தாங்கியில் கிடையாகக் கிடத்தி, உருளாமல் மூன்று ஆப்பு வைக்க வேண்டும்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பின்னாப்பு ஒன்றே ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கடைசியில் பீப்பாயைச் சாய்க்கும்போது அதைத்தான் நகர்த்துவார்கள். மேலே வயிற்றில் ஷைவ் என்ற மரத்தக்கை, முன்முகத்தின் கீழ்விளிம்பில் குழாய் இறங்கும் தக்கை. ஷைவின் நடுவே துளைத்து மென்மரத்தில் செய்த ஸ்பைல் முளையைச் செருகினால் உள்ளே இருக்கும் வாயு மெல்லக் கசியும். நுரைத்துப் பொங்குவது அடங்கிய பிறகு கடினமர முளைக்கு மாற்ற வேண்டும். விற்பனை நேரத்தில் முளையைத் தளர்த்தி, கடை மூடும்போது இறுக்கி அடித்துவிட வேண்டும். மறந்தால் மறுநாள் பீர் சப்பென்று இருக்கும். குழாயை மரச் சுத்தியால் ஒரே அடியில் இறக்க வேண்டும். தயங்கித் தயங்கித் தட்டுகிறவர் நனைந்துதான் வெளியே வருவார்.

மண்டி கீழே படிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் பீப்பாயை அசைக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தீர்ந்ததும் பின்பக்கத்தை மெல்ல உயர்த்த வேண்டும். அதைக் கடை மூடிய பிறகு செய்தால் கலங்கினாலும் காலைக்குள் தெளிந்துவிடும். திறந்த பீப்பாயை மூன்று நாளில் முடிப்பது நல்லது; ஐந்தாம் நாள் காடி வாடை எட்டிப்பார்க்கும். ஆகவே கூட்டம் குறைந்த பப்பில் மூன்று வகை பீரைத் திறந்து வைப்பது தற்கொலைக்குச் சமம். ஒன்று போதும், வார இறுதிக்கு இரண்டு.

வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். நிலவறையில் இது சுலபம். ஜன்னல் மாடத்திலோ பின்னறையிலோ பீப்பாய் இருந்தால் ஜூலையில் 20ஐத் தாண்டிவிடும். அந்தக் காலத்தில் ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். அது சுவருக்கும் தரைக்கும் ஈரத்தைப் பாய்ச்சும். இன்று செய்யத் தக்கது, பீப்பாய் மேல் குளிர்நீர் ஓடும் உறையைப் போர்த்தி, நீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தை வெளிக்கொட்டகையில் வைப்பது. உள்ளே வருவது விரல் பருமனில் இரண்டு குழாய்கள்தான். அவற்றின் மேல் காப்புறை முழுசாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கிழிந்தாலும் வியர்த்துச் சொட்டி, கீழே இருக்கும் மரத்தாங்கியின் காலை உளுக்கச் செய்துவிடும். ஏற்கெனவே சுவரில் இருக்கும் ஓட்டையில் குழாயை விட்டால் புதிதாகத் துளைக்கத் தேவையில்லை.

தரைக்கு வருவோம். கிராமத்துப் பப்பில் தரை என்றால் கல்பலகை அல்லது சிவப்புச் சுட்டமண் சதுர ஓடு. பெரும்பாலும் 15 அல்லது 23 சென்டிமீட்டர் சதுரம். கீழே கான்கிரீட் கிடையாது. மண், சாம்பல், மணல், அதன்மேல் ஓடு. நிலத்து ஈரம் ஓட்டின் இணைப்பு வழியாக மேலே வந்து காற்றில் போய்விடும். அது குறை இல்லை, தரை வேலை செய்யும் விதமே அதுதான். அந்த வழியை அடைத்தால் வினை. பாலியுரித்தேன் சீலர், சிமென்ட் இணைப்பு, ரப்பர் அடிப்பாகம் வைத்த மிதியடி, எல்லாம் அடைப்புதான். போக வழியில்லாத ஈரம் ஓட்டுக்குள்ளேயே உப்பாகப் படிந்து, மேல்தோலைத் தகடு தகடாக உரிக்கும். இல்லையென்றால் பக்கவாட்டில் போய்ச் சுவரில் ஏறும். இதைவிட மோசம், ஓடுகளையெல்லாம் எடுத்து, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, கான்கிரீட் கொட்டி, மறுபடி அதே ஓடுகளைப் பதிப்பது. பார்க்க அப்படியே இருக்கும். இரண்டு குளிர்காலம் கழித்துச் சுவரோடு பொருத்திய பெஞ்சின் பின்பலகை பூஞ்சை பிடித்துப் பஞ்சாகிவிடும்.

உடைந்த ஓடுகளை மாற்றப் புது ஓடு வாங்காதீர்கள். பொருத்திய பெஞ்சுக்கு அடியில் யார் காலும் படாத ஓடுகள் அதே சூளையில் வெந்தவை கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து வெளியே பதித்துவிட்டு, புதிதை உள்ளே மறைத்துவிடலாம். படுக்கைக்கும் இணைப்புக்கும் ஒரு பங்கு நீரியல் சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மணல். 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு வேலை ஆகாது. பூசியபின் சில நாள் ஈரச் சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் பொடிந்துபோகும். துடைப்பதற்கு அமிலமும் காரமும் இல்லாத சோப்பு, பிழிந்த துணி. வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவினால் ஒரு மாதம் பளிச்சென்று இருக்கும், பிறகு வெள்ளை உப்புப் பூக்கும்.

ஹாட்சுக்கு முன்னால் தரை குழிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கோப்பைக்குக் காத்து நின்ற கால்கள் செய்த குழி. அதைச் சமப்படுத்தச் சொல்லி யாராவது கட்டாயம் வருவார்கள். தடுக்கி விழும் கூர்விளிம்பு இருந்தால் அந்த விளிம்பை மட்டும் சுண்ணாம்புக் கலவையால் சரித்துவிடுங்கள். குழி கிடக்கட்டும். அந்த அறையில் இன்ன இடத்தில்தான் விற்பனை நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது செட்டில். உயர்ந்த முதுகு வைத்த நீண்ட மரப் பெஞ்சு. முதுகு ஐந்தடிக்கு மேல் போகும், சில இடங்களில் உட்கூரை வரை. கதவைத் திறந்தால் வரும் குளிர்காற்று முதுகில் படாமல் தடுக்கத்தான் அந்த உயரம். ஆக இது பெஞ்சு மட்டும் இல்லை, சுவரும்கூட. பல பப்புகளில் செட்டிலின் பின்புறம்தான் நடைவழியின் தடுப்பு. அதை எடுத்தால் ஒரு அறையே காணாமல் போய்விடும்.

செட்டில் கெடுவது காலில்தான். ஈரத்தரையில் நிற்பதால் பக்கப்பலகையின் அடி ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உளுத்துப்போகும். முழுப் பலகையை மாற்றத் தேவையில்லை. நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே இன மரத்தில், ரேகை ஓடும் திசை மாறாமல், நீளச் சரிவாக ஒட்டு வைப்பது முறை. சரிவு பருமனைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு நீளம் இருந்தால்தான் ஒட்டு தாங்கும். பசை விலங்குத் தோல் பசை. நாளைக்குப் பிரிக்க வேண்டுமென்றால் வெந்நீரும் ஆவியும் போதும். எபாக்சி போட்டால் அடுத்த தச்சர் ரம்பத்தைத்தான் எடுக்க வேண்டும். காலடியில் ஒரு மெல்லிய சிலேட்டுத் துண்டைச் செருகினால் மரம் ஈரத்தைத் தொடாது.

பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரிந்தால் உடனே பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் உண்டு. மரச்சாமான் வண்டின் ஓட்டை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். வண்டு போய் ஐம்பது வருஷம் ஆகியிருக்கலாம். அடியில் ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்து, மே முதல் ஆகஸ்ட் வரை விட்டுப் பாருங்கள். புது மரத்தூள் உதிர்ந்திருந்தால்தான் உயிர் இருக்கிறது. அப்போதும் முதல் மருந்து ஈரத்தைக் குறைப்பது. மரத்தின் ஈரம் 18 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புழு தழைக்காது. அதற்காக ரேடியேட்டரைக் கொண்டுவந்து செட்டிலின் முதுகில் வைத்துவிடவும் கூடாது. பலகை சுருங்கி, இணைப்பு பிளந்து, இருநூறு வருஷம் தாங்கியது ஒரே குளிர்காலத்தில் ஆடத் தொடங்கும்.

மரத்தின் நிறத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தவறான எண்ணம். பழைய பப்பின் பழுப்பு மரமெல்லாம் ஓக் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானது மலிவான பைன். மேலே ஓக் மாதிரி ரேகை வரைந்திருக்கும். ஸ்கம்பிள் என்று இதற்குப் பெயர். வெளிர்மஞ்சள் அடிப்பூச்சு, அது காய்ந்ததும் லின்சீட் எண்ணெய் கலந்த பழுப்பு மெருகு, ஈரமாக இருக்கும்போதே இரும்புச் சீப்பால் இழுத்த ரேகை, அதன்மேல் வார்னிஷ். 1970, 80களில் 'நிஜ மரம் தெரியட்டும்' என்று எல்லாவற்றையும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி உரித்தார்கள். வெளுத்த பைன் கதவு தெரிந்தால் அந்த மோஸ்தர் அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கதவு பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அப்படி நிர்வாணமாக இருந்ததில்லை.

ஸ்கம்பிளைச் சுத்தம் செய்யும்போது பெயின்டர்கள் பயன்படுத்தும் சுகர் சோப்பைத் தொடக் கூடாது; அதன் காரம் வார்னிஷையும் மெருகையும் சேர்த்து வழித்துவிடும். கனிமம் நீக்கிய நீரில் அயனியில்லா டிடர்ஜென்ட் சில துளி, பஞ்சுக்குச்சி, கதவுக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் சோதனை. பஞ்சில் தேன்நிறம் வந்தால் புகையிலைக் கறை. செம்பழுப்பு வந்தால் மெருகே கரைகிறது, நிறுத்துங்கள். உரிந்த இடத்தில் முதலில் ஒரு கோட்டு வார்னிஷ் தடவிவிட்டு, அதன்மேல் அந்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுக்க வேண்டும். இடையில் வார்னிஷ் இருப்பதால் பிறகு எடுக்க நினைத்தால் பழசு சேதமாகாமல் எடுக்கலாம். பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாள் தேய்ப்பு வேண்டவே வேண்டாம்.

உட்கூரைக்கு இன்னொரு சிக்கல். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை; வேல்ஸில் அதே ஆண்டு ஏப்ரல் 2. அதற்கு முன் எந்த ஒட்டுப்பூச்சும் பத்து வருஷத்தில் தானாகப் பழுப்பேறி மற்றதோடு கலந்துவிடும். இப்போது ஒட்டியது ஒட்டிய நிறத்திலேயே நிற்கும். ஆகவே ஒட்டு வைக்கும் கலவையிலேயே நிறத்தைச் சேர்த்தாக வேண்டும். பழைய உட்கூரை பெரும்பாலும் டிஸ்டெம்பர், அதாவது சுண்ணக்கட்டித் தூளும் பசையும் கலந்தது. விரலால் தடவினால் மாவாக ஒட்டும். அதன்மேல் இன்றைய பிளாஸ்டிக் எமல்ஷனை அடித்தால் அடுத்த வருஷம் அப்பளமாகச் சுருண்டு விழும். விழும்போது டிஸ்டெம்பரையும் இழுத்துக்கொண்டு விழும். டிஸ்டெம்பர் மேல் டிஸ்டெம்பர்தான்.

உட்கூரை தொய்ந்திருந்தால் இடிக்க வேண்டியதில்லை. மெல்லிய மரச் சட்டங்களின் இடுக்கில் பிதுங்கிப் பிடித்திருக்கும் சுண்ணாம்புக் கொண்டைகள் உடைந்துபோயிருக்கும், அவ்வளவுதான். உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எழும்பி ஒட்டினால், அகல வாஷர் போட்ட துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் உத்தரத்தோடு இழுத்துப் பிடித்து, தலையைச் சுண்ணாம்பால் மூடலாம். அழுத்தும்போது நடுவில் ஏதோ தடுத்தால் மேலே குப்பை சேர்ந்திருக்கிறது. மாடித் தரையின் பலகையைத் திறந்து உறிஞ்சி எடுத்த பிறகே ஸ்க்ரூ.

அதே உட்கூரையில் ஒரு கொக்கி தொங்கினால் பிடுங்கிவிடாதீர்கள். கயிற்றில் வளையம் கட்டி, சுவரில் இருக்கும் மாட்டுக் கொம்பிலோ ஆணியிலோ மாட்டும் ஆட்டத்துக்கு உரியது அது. செட்டிலின் இருக்கையில் வட்டமாக ஒரு ஓட்டையும் கீழே ஒரு இழுப்பறையும் இருந்தால், காசை எறிந்து விழவைக்கும் ஆட்டம். உளுத்த ஓட்டை என்று நினைத்து மரத்துண்டு வைத்து அடைத்த புண்ணியவான்கள் உண்டு.

கணப்பைப் பற்றிச் சுருக்கமாக. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகின் தார் புகைபோக்கிக்குள் படிந்து தீப்பிடிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை சுத்தம். வைக்கோல் கூரை என்றால் இதில் ஒரு நாளும் சலுகை கிடையாது. வொர்செஸ்டர்ஷயர் பிரெட்ஃபோர்ட்டனின் ஃபிளீஸ் இன் 2004இல் கூரை எரிந்து திரும்பக் கட்டப்பட்டது. அதன் கணப்பின் முன்னே தரையில் மூன்று வெள்ளை வட்டங்கள் வரைந்திருக்கும். சூனியக்காரி புகைபோக்கி வழியாக இறங்காமல் இருக்க. சுண்ணம் தேய்ந்தால் திரும்ப வரைவதும் அங்கே பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

சரி, கழிப்பறை, சமையலறை, கை கழுவும் தொட்டி, சக்கர நாற்காலி வழி எல்லாம் வேண்டாமா? வேண்டும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நியாயமான மாற்றங்களைச் செய்யச் சொல்கிறது. சுகாதார ஆய்வாளரும் விடமாட்டார். அதையெல்லாம் பழைய அறைக்குள் திணிக்கக் கூடாது என்பதுதான் வழி. ஹெரிஃபோர்டுஷயர் லெயின்ட்வர்டைனின் சன் இன் நல்ல உதாரணம். அங்கேயே வாழ்ந்து விற்ற ஃபிளாஸி லேன் 2009இல் இறந்தபின் வந்தவர்கள், கூட்டத்தைத் தாங்கப் பின்னால் புதுப் பகுதி கட்டி, முன்னே இருந்த செங்கல்தரைக் கூடத்தை அப்படியே விட்டார்கள். வருமானம் பின்னால், பழமை முன்னால். புதுத் தடுப்பு போட்டே ஆக வேண்டுமென்றால் பழைய பலகையின் விளிம்பு வளைவுக்கு ஏற்றபடி புதுப் பலகையைச் செதுக்கி நிறுத்த வேண்டும். பழைய விளிம்பை வெட்டிப் புதிதை நேராக வைப்பதுதான் சோம்பேறித் தச்சர் செய்வது. ஹாட்ச் உயரமாக இருந்தால் அதைத் தாழ்த்த வேண்டியதில்லை. கோப்பையைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் தீர்ந்தது. அங்கே காலங்காலமாக அப்படித்தான் பரிமாறினார்கள்.

சட்டம். 1990இன் திட்டமிடல் சட்டப்படி, அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் (காம்ராவின் பட்டியல் இல்லை) சேர்ந்த கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பாதுகாப்பு உண்டு. அதில் கடைசித் தரமான இரண்டாம் கிரேடானாலும் அப்படியே. 'முகப்புக்குத்தான் பாதுகாப்பு' என்பது கட்டுக்கதை. இந்த நினைப்பு வர ஒரு காரணம் உண்டு: பழைய பதிவுகள் பலவற்றைத் தெருவில் நின்றே எழுதிவிட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது. அதை வைத்து இடித்துவிட்டு 'பதிவில் இல்லையே' என்று வாதாடுவார்கள். செல்லாது. அனுமதியின்றித் தன்மையை மாற்றுவது குற்றம். இரண்டாண்டு வரை சிறை, வரம்பில்லா அபராதம். ஆனாலும் பதிவைத் திருத்தி உள்ளமைப்பை விரிவாக எழுதவைப்பது புத்திசாலித்தனம். அதற்கு விண்ணப்பிக்கும்போது 1:50 அளவில் தரைப்படம், ஒவ்வொரு சுவருக்கும் அளவுகோல் வைத்த புகைப்படம், பழைய உரிம வரைபடம் கிடைத்தால் அதன் நகல் சேர்த்தால் வேலை வேகமாக நடக்கும். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊரார் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதியவைத்தால் அது ஐந்தாண்டு நிற்கும். விற்பனைக்கு வந்தால், வாங்க விரும்பும் ஊர்க்குழுவுக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். இது விற்பனையைத் தாமதப்படுத்துமே தவிர, உள்ளே ஒரு ஆணியைக்கூடக் காக்காது.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை இங்கே இருக்கிறது: கட்டடச் சட்டம் பொருத்தியதைத்தான் காக்கும். ஹாட்ச், சுவரோடு ஆணியடித்த பெஞ்சு, அலமாரி, கணப்பு எல்லாம் கட்டடம். தரையில் சும்மா நிற்கும் செட்டில், தேய்ந்த மேசை, ஒற்றை முள் கடிகாரம், கூஜா எல்லாம் சாமான். உரிமையாளர் இறந்த அடுத்த மாதம் ஏலத்துக்குப் போகலாம், யாரும் கேட்க முடியாது. அறையின் உயிரே அவற்றில் இருந்தாலும்.

இதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே கட்டடத்தையும் சாமானையும் சேர்த்து ஒரே கைக்கு எழுதிவைப்பது. ஃபிளீஸை நடத்திய லோலா டாப்ளின் 1977இல் அதைப் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு விட்டுப்போனபோது பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டுகள் வரை அங்கேயே இருக்கும்படி செய்தார். உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக் கூடாது என்பதும் அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று.

இரண்டாவது, சாமான் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எண், மூன்று பரிமாண அளவு, முன்னும் பின்னும் அடியிலும் புகைப்படம், எந்த அறையில் எந்தச் சுவரோரம் நிற்கிறது என்று தரைப்படத்தில் குறிப்பு. எண்ணைப் பெயின்டில் எழுத வேண்டாம். பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி அடிப்பக்கம் கட்டினால் போதும். அடிப்பக்கப் படத்தைத் தவிர்க்காதீர்கள். தச்சர் போட்ட ரோமன் எண், பழைய சாயத்தின் மிச்சம், கால் ஒட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஏலத்தில் காணாமல் போன செட்டில் வேறொரு ஊரில் தலைகாட்டினால் அதை அடையாளம் காட்டப்போவது அந்தப் படம்தான். ஒரு நகலைப் பப்பில் வையுங்கள், இன்னொன்றை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள்.